நடு கேலரிக்குத் துப்பட்டா போட்டவள்

ராரிட்டன் ஸ்பேரோஸ், அதாவது ராரிட்டன் சிட்டுக்குருவிகள் என்று பெயர் வைத்துக்கொண்டு ஒரு கூட்டம் போட்டிக்குப் போகுமா? போனது. பெயர் வைத்த மகராசன் யாரோ, பரிசு கிடைக்காது என்பதை அன்றைக்கே தெரிந்துவைத்திருக்கிறான். நியூ ஜெர்சியில் ராரிட்டன் ஆற்றங்கரை ஊர்ப் பிள்ளைகளை வைத்து நடந்த இந்தச் சின்ன டிரம் கோர், ஒவ்வொரு கோடையிலும் கடைசி இடமோ கடைசிக்கு முந்தின இடமோ வாங்கிக்கொண்டு சந்தோஷமாக வீடு திரும்பும்.

அந்தக் குருவிகளில் ஒருத்தி அஃப்சானா. பதினேழு வயது. இடுப்புக்கு மேலே ஸ்நேர் டிரம்மை மாட்டிக்கொண்டு நின்றால் டிரம் பெரிதா பெண் பெரிதா என்று தெரியாது. ஆனால் குச்சியைக் கையில் எடுத்துவிட்டால் அவள் வேறு ஆள். அவளுடைய வாப்பா நஜ்முதீன் ஜெர்சி சிட்டியில் ஒரு வங்கிக்கு கான்ட்ராக்டில் கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவர். உம்மா மெஹர் நிஷா, ஐசலினில் வீட்டிலேயே டேகேர் நடத்துகிறவள். கீழக்கரைக்காரி. "பொம்பளப் புள்ள கொட்டு அடிக்குதாமே" என்று ஊரிலிருந்து போன் போட்டுத் துக்கம் விசாரித்த சொந்தக்காரர்களுக்கெல்லாம் அவள் ஒரே பதில்தான் வைத்திருந்தாள்: ஆமாம் அடிக்கிறாள், நன்றாக அடிக்கிறாள், கேட்க வேண்டுமென்றால் டிக்கெட் எடுத்து வாருங்கள்.

டிரம் கோர் என்றால் என்ன என்று ஐசலின் தமிழர்களுக்கு விளக்கி விளக்கியே அவளுக்குத் தொண்டை வற்றிப்போயிருந்தது. இருபத்தொரு வயது வரைக்குமான பிள்ளைகள். கொஞ்சம் பேர் முரசு, பாதிப் பேர் பித்தளைக் குழல், மிச்சப் பேர் கொடி. ஃபுட்பால் மைதானத்தில் அடித்துக்கொண்டும் ஊதிக்கொண்டும் அணிவகுத்து நடந்து, பத்துப் பன்னிரண்டு நிமிஷம் ஆடிக் காட்டுவார்கள். நடுவர்கள் மேலே உட்கார்ந்து மார்க் போடுவார்கள். கோடை முழுக்க பஸ்ஸில் ஊர் ஊராகப் போய், பள்ளிக்கூட ஜிம் தரையில் படுத்து எழுந்து, மறுநாள் அடுத்த ஊர். ஒரே மாலையில் சின்னக் குழுக்கள் முதலில் ஆடும், பெரிய குழுக்கள் கடைசியில் ஆடும். காலம் காலமாக அதுதான் வழக்கம்.

அந்த வழக்கத்துக்குத்தான் 2008-ஆம் வருஷம் ஜூன் மாதம் ஆபத்து வந்தது.

பெரிய கோர்கள் ஐந்தாறு ஒன்றுசேர்ந்துகொண்டன. அவற்றில் தலைவலி பிடித்தது அயர்ன் ஹார்பர் என்பது. நூற்றைம்பது பிள்ளைகள், தனி லாரிகள், தனி சமையல் வண்டி, டீஷர்ட் விற்கத் தனிக் கூடாரம் என்று ஒரு ராஜாங்கமே நடத்துகிறவர்கள். அவர்கள் சொன்னது இதுதான். ஜனம் எங்களைப் பார்க்கத்தான் வருகிறது. சின்னக் குழுக்கள் ஆடுகிற முதல் ஒரு மணி நேரம் கேலரியில் ஈ காக்கை கிடையாது, ஹாட் டாக் கடையில்தான் கூட்டம். இனிமேல் நாங்கள் தனியாக டூர் போகிறோம், நீங்கள் உங்களுக்குள் எங்காவது நடத்திக்கொள்ளுங்கள்.

ஸ்பேரோஸ் பழகுகிற பள்ளிக்கூடத்தின் கேன்டீனில் பெற்றோர் கூட்டம் போட்டார்கள். குழுவை நடத்துகிற ரூத் என்ற அம்மாள் எழுந்து, பெரியவர்கள் போய்விட்டால் எந்த ஊரும் நமக்கு ஸ்டேடியம் தராது, இந்தக் கோடையோடு கடையைக் கட்ட வேண்டியதுதான் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். எல்லா கோர்களுக்கும் ஷோ நடத்துகிற சங்கத்தின் கமிட்டியிலிருந்து விட்டேக்கர் என்ற பெரியவர் வந்திருந்தார். கமிட்டி சரிபாதியாகப் பிரிந்து நின்றது. பிரிப்பதா வேண்டாமா என்பது அவர் ஒருத்தர் ஓட்டில் இருந்தது. அவரும் சின்ன வயதில் ஒரு குட்டி கோரில் குழல் ஊதியவர்தான். ஆனாலும் மனிதர் பிடி கொடுக்காமல் பேசினார்.

மெஹர் நிஷாவுக்குப் பொறுக்கவில்லை. கோபம் வந்துவிட்டால் அவளுடைய இங்கிலீஷ் எங்கேயும் தடுக்கி விழாது. எழுந்து நின்றுவிட்டாள். எங்கள் ஊர்க் கல்யாணத்தில் சஹன் என்று ஒரு பெரிய தட்டு வைப்போம், அந்த ஒரே தட்டில் ஊர்ப் பணக்காரனும் அவன் கடையில் சாமான் கட்டுகிறவனும் சேர்ந்து கைவைத்துச் சாப்பிடுவார்கள், பணக்காரன் எனக்குத் தனித் தட்டு வேண்டும் என்று ஒரு நாளும் கேட்டதில்லை, கேட்டால் அவனுக்குப் பெண் கொடுக்க மாட்டார்கள் என்று போட்டாள் ஒரு போடு. என் மகள் அந்தப் பெரிய பிள்ளைகள் அடிப்பதை வேலியோரம் நின்று பார்த்துப் பார்த்துத்தான் பாதி கற்றுக்கொண்டாள், அந்த வேலியையும் பிடுங்கிக்கொண்டு போகிறீர்களா என்று கேட்டாள். கேன்டீன் கைதட்டியது. அஃப்சானா மட்டும் மேஜைக்கு அடியில் போய்விடலாமா என்கிற மாதிரி தலையைக் குனிந்துகொண்டாள்.

விட்டேக்கர் கோபிக்கவில்லை. தனக்கும் பிரிப்பதில் இஷ்டமில்லை என்றார். ஆனால் கமிட்டியில் வெறும் மனசை வைத்துப் பேச முடியாது. ஆகஸ்டில் உங்கள் ஊர் ஷோ நடக்கும்போது நானே வந்து உட்காருகிறேன், ஸ்பேரோஸ் மைதானத்தில் இருக்கும்போது நடு கேலரி நிறைந்திருந்தால், சின்னக் குழுக்களுக்கும் ஆள் வருகிறது என்று நான் கண்ணால் பார்த்தேன் என்று சொல்லி உங்கள் பக்கம் ஓட்டுப் போடுகிறேன் என்றார்.

"அவ்வளவுதானே? நான் ரொப்பிக் காட்டுறேன்" என்று தமிழிலேயே சொல்லிவிட்டு, அப்புறம்தான் அதை இங்கிலீஷில் சொன்னாள் மெஹர் நிஷா.

சும்மா சொல்லவில்லை. எடிசன், ஐசலின் வட்டாரத்தில் தமிழ் பேசுகிற வீடுகளில் பாதி வீட்டுப் பிள்ளைகள் அவள் கையால் சோறு தின்று, அவள் மடியில் தூங்கி வளர்ந்தவை. இந்து வீடு, முஸ்லிம் வீடு, கிறிஸ்தவ வீடு என்று வித்தியாசமில்லை. அவள் கூப்பிட்டால் வரமாட்டேன் என்று சொல்ல யாருக்கும் வாய் வராது. சாயங்காலம் பிள்ளையை அழைத்துப் போக வருகிற ஒவ்வொரு தாயையும் வாசலிலேயே மடக்கினாள். யாஹூ குரூப்பில் மெயில் போட்டாள். கோயமுத்தூர்க்காரி வசந்தாமணி, மெஹருக்கு ஐசலினில் முதல் சிநேகிதி, அவள் ஒருத்தியே எட்டு வேன் ஆளைக் கூட்டி வருவதாக வாக்குக் கொடுத்தாள்.

ஸ்பேரோஸ் ஆடுவது ஏழு மணிக்கு. மெயிலில் மெஹர் நிஷா போட்டது ஆறு மணி ஷார்ப். ஆறு என்றால் ஏழுக்குள் வந்துவிடுவார்கள், தன் ஜனத்தைத் தனக்குத் தெரியாதா என்பது அவள் கணக்கு. நஜ்முதீன் மட்டும் இழுத்தார்.

"நாலுன்னு போடு மெஹர். நீ ஒரு மணி நேரம் முன்னாடி போடுவேன்னு அவங்களுக்கும் தெரியும்ல?"

"ஷார்ப்னு போட்டிருக்கேன் மச்சான். வருவாங்க."

ஷார்ப் என்ற வார்த்தைக்கு நம் ஆட்களிடம் என்ன மரியாதை இருக்கிறது என்று இவளுக்குத் தெரியாதா? தெரியும். தன் விஷயத்தில் அப்படி நடக்காது என்று நினைத்துவிட்டாள், அவ்வளவுதான். அந்த மெயிலைப் படித்த ஒவ்வொரு வீட்டிலும் இன்னொரு கணக்கு ஓடியது. ஆறு என்றால் ஏழு. ஏழு மணிக்கு யாராவது வரவேற்புரை சொல்வார்கள், சீஃப் கெஸ்டுக்குப் பொன்னாடை போர்த்துவார்கள், ஸ்பான்சர் ரெண்டு பேர் பேசுவார்கள். முதலில் எல்லாம் சில்லறை ஐட்டமாகத்தான் இருக்கும், முக்கியமான ப்ரோக்ராமைக் கடைசியில்தானே வைப்பார்கள். எட்டுக்குப் போனால் தாராளம்.

அந்தச் சனிக்கிழமை கேட் திறந்ததும் முதல் ஆளாக உள்ளே போனது மெஹர் நிஷாவும் நஜ்முதீனும்தான். இரண்டு பெரிய பை நிறையத் துப்பட்டா, பெட்ஷீட், டேகேர் பிள்ளைகளின் போர்வை. கேலரியில் இன்னார் இடம் என்று நம்பர் கிடையாது, யார் முதலில் உட்காருகிறார்களோ அவர்கள் இடம். நடு கேலரி முழுவதும், மேல் வரிசையிலிருந்து கீழ் வரிசை வரைக்கும், பெஞ்சுக்குப் பெஞ்சு துணியை விரித்துப் போட்டார்கள். சென்ட்ரல் ஸ்டேஷனில் அன்ரிசர்வ்டு கம்பார்ட்மென்டில் துண்டு போட்டு இடம் பிடித்த கைதானே, வேகமாக நடந்தது. பச்சை, ஊதா, ஜரிகை வைத்தது, பூப்போட்டது என்று கீழேயிருந்து பார்க்க அந்த நடு கேலரி ஜோராக இருந்தது. மெஹர் நிஷாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

ஆறேகாலுக்கெல்லாம் அந்த ஊர் வெள்ளைக்காரர்கள், மெக்சிகோக்காரர்கள், கையில் குஷனும் பாப்கார்னுமாக வர ஆரம்பித்தார்கள். ஸ்பேரோஸ் பிள்ளைகளின் தாத்தா பாட்டிகள், பக்கத்துத் தெருக்காரர்கள், சீக்கிரம் வந்து நடுவில் உட்காரலாம் என்று நினைத்து வந்தவர்கள். துப்பட்டாக் கடலுக்கு நடுவே ஒற்றை ஆளாக நின்ற நஜ்முதீன் ஒவ்வொருவரிடமும் கையை விரித்து, மன்னிக்க வேண்டும், ஆள் வருகிறது, ஆள் வருகிறது என்று சொல்லி ஓரத்துக்கு அனுப்பினார். அவர்களும் சண்டை போடாமல் ஓரமாகப் போய் உட்கார்ந்தார்கள். சிலர் ஹாட் டாக் கடைக்கே திரும்பிப் போய்விட்டார்கள். எதிர்ப்பக்கம் மார்க் போடுகிறவர்களுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டுக்கொண்டு விட்டேக்கர் வந்து உட்கார்ந்தார்.

ஆறரை ஆயிற்று. ஒரு ஆளைக் காணோம். மெஹர் நிஷா கணவரை அங்கேயே காவல் வைத்துவிட்டு கேட்டுக்கு ஓடினாள். போன் மேல் போன். முதல் ஆள் ஷவரில் இருப்பதாக அவர் மனைவி சொன்னாள். இரண்டாவது ஆள் கிளம்பிவிட்டதாகச் சொன்னார், பின்னணியில் குக்கர் விசில் கேட்டது. அடுத்து மெஹர் வசந்தாமணியைப் பிடித்தாள்.

"வந்துட்டேதானுங் இருக்கறோம் மெஹர். ஓக் ட்ரீ ரோட்ல ஸ்வீட் மட்டும் வாங்கிட்டு வந்தர்றோம். உம்பட புள்ளைக்கு வெறுங்கையோடவா வர்றது?"

"ஸ்வீட்டும் வேணாம் ஒண்ணும் வேணாம், அப்படியே வண்டிய எடு வசந்தா. ஆரம்பிக்கப் போறாங்க."

"ஆரம்பிக்கட்டுங். மொதல்ல பேசுவாங்கல்ல."

பேசவில்லை. இந்த ஊரில் யாரும் பேசுவதில்லை. ஏழு மணிக்கு ஸ்பீக்கரில் ராரிட்டன் ஸ்பேரோஸ் என்று ஒரு குரல் சொன்னது, அவ்வளவுதான் வரவேற்பு. மெஹர் நிஷா உள்ளே ஓடலாம் என்று இரண்டு எட்டு வைத்தாள். அதற்குள் பார்க்கிங் பக்கம் ஒரு நீல வேன் திரும்பியது. வந்துவிட்டார்கள் என்று வெளியே ஓடினாள். வேனிலிருந்து இறங்கியது வேறு யாரோ. மறுபடி போன். உள்ளே முரசுச் சத்தம் கிளம்பியது, கேட் கம்பியெல்லாம் அதிர்ந்தது. போனில் யாரோ எந்த எக்ஸிட் என்று கேட்டார்கள். அவளுக்கு எதுவும் கேட்கவில்லை. இடது காதை உள்ளங்கையால் அழுத்திப் பொத்திக்கொண்டு, வலது காதில் போனை வைத்துக்கொண்டு, ஃப்ரீவேயிலிருந்து இறங்கி ரைட்டு, ரைட்டு என்று கத்திக்கொண்டிருந்தாள். அந்தச் சத்தத்தில் பாதி தன் மகள் கையிலிருந்து வருகிறது என்பது அப்போது அவளுக்கு உறைக்கவில்லை.

சத்தம் நின்றது. ஓரத்து கேலரிகளிலிருந்து கைதட்டல் கேட்டது. ஸ்பீக்கரில் அடுத்த குழுவின் பெயரைச் சொன்னார்கள்.

அதற்கப்புறம் இரண்டு சின்னக் குழுக்கள் ஆடின. ஏழே முக்காலுக்கு மேல்தான் முதல் சியன்னா வேன் வந்து நின்றது. அதன் பின்னால் ஒன்று, அதன் பின்னால் இன்னொன்று, அப்புறம் வரிசையாக ஒடிஸி வேன்கள். பார்க்கிங்கே நம் ஆட்களால் நிறைந்துவிட்டது. பட்டுப்புடவை, ஜிப்பா, தோளில் பிள்ளை, கையில் புளியோதரை டப்பா, ஸ்வீட் பெட்டி. வாக்குக் கொடுத்ததற்கு மேலேயே வந்திருந்தார்கள், அதில் குறை சொல்ல முடியாது. ஐசலின் மசூதியிலிருந்து நாலு குடும்பம், ப்ரின்ஸ்டன் பக்கமிருந்து அனந்தராமன் டாக்டர் தம்பதி என்று அவள் எதிர்பார்க்காதவர்களும் வந்திருந்தார்கள்.

"முடிஞ்சிடுச்சு" என்றாள் மெஹர் நிஷா.

"ஸ்பீச்செல்லாம் முடிஞ்சுதா? நல்லதாப் போச்சுங்" என்று அவள் தோளைத் தட்டிவிட்டு வசந்தாமணி படை திரட்டிக்கொண்டு உள்ளே போனாள்.

நிறுத்திச் சொல்லியிருக்கலாம். ஆனால் கைப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நியூ ஜெர்சி டிராஃபிக்கில் வந்த ஜனத்திடம், நீங்கள் பார்க்க வந்தது போய்விட்டது என்று எந்த முகத்தோடு சொல்வது? கூட்டத்தோடு கூட்டமாக அவளும் நடந்தாள். நஜ்முதீன் எழுந்து நின்று, வாங்க வாங்க என்று துப்பட்டாக்களைச் சுருட்டிக்கொண்டிருந்தார். அவர் முகம் வெளிறியிருந்தது. கொஞ்ச நேரத்தில் நடு கேலரியில் ஊசி குத்த இடமில்லை. சரியாக அப்போதுதான் அயர்ன் ஹார்பர் மைதானத்துக்குள் நுழைந்தது.

கறுப்பும் வெள்ளியுமாக நூற்றைம்பது பேர். முதல் அடியிலேயே கேலரி பெஞ்செல்லாம் நடுங்கியது. நம் ஆட்களுக்குக் கேட்க வேண்டுமா? அடி என்றால் நமக்கு ரத்தத்திலேயே இருக்கிறது. எழுந்து நின்றுவிட்டார்கள். விசில் பறந்தது. பிள்ளைகளைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்கள். அனந்தராமன் டாக்டர், வாழ்நாளில் சத்தமாகத் தும்மியிராத மனுஷர், இரண்டு விரலை வாயில் வைத்து விசிலடித்தார். மெஹர் நிஷா ஒவ்வொரு வரிசையாகத் திரும்பி, இது நம்ம குரூப் இல்லை, நம்ம குரூப் இல்லை என்று சொல்லிப் பார்த்தாள். அந்த இரைச்சலில் யார் காதில் விழும்? வசந்தாமணி கட்டை விரலை உயர்த்திக் காட்டி, சூப்பர் என்று வாயசைத்தாள். மெஹர் நிஷா விக்கித்துப்போய் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

எதிர்ப்பக்கம் விட்டேக்கர் மைதானத்தைப் பார்க்கவில்லை. நடு கேலரியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஷோ முடிந்ததும் அவரே தேடிக்கொண்டு வந்தார். மெஹர் நிஷாவின் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, மனப்பூர்வமாக நன்றி சொன்னார். தான் இத்தனை நாள் குழம்பிக்கொண்டிருந்ததாகவும், இன்றைக்குத் தெளிந்துவிட்டதாகவும் சொன்னார். ஸ்பேரோஸ் ஆடும்போது ஸ்டேடியத்திலேயே நல்ல இடமான நடு கேலரி காலி, ஒன்றிரண்டு பேர்தான் நின்றுகொண்டிருந்தார்கள். அயர்ன் ஹார்பர் வரும் நேரம் பார்த்து அத்தனை பேரும் வந்தார்கள், எழுந்து நின்று ஆர்ப்பரித்தார்கள். இதுவரை இந்த விளையாட்டையே பார்த்திராத ஜனம்கூடப் பெரியவர்களுக்காகத்தான் வருகிறது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்? பிரிப்பதற்குத்தான் ஓட்டுப் போடப் போகிறேன், வருத்தத்தோடுதான் போடுகிறேன், ஆனால் நீங்கள் நேர்மையாக எனக்கு உண்மையைக் காட்டிவிட்டீர்கள் என்றார்.

மெஹர் நிஷாவுக்குத் தலையில் இடி விழுந்தாற்போல் இருந்தது. இல்லை, அவர்கள் ஸ்பேரோஸுக்காகத்தான் வந்தார்கள், லேட்டாகிவிட்டது என்றாள். எல்லாரும் லேட்டா என்று கேட்டார் அவர். எல்லாரும்தான் என்றாள். இருநூறு பேர், வேறு வேறு வீட்டிலிருந்து, ஒரே மாதிரி ஒரு மணி நேரம் லேட்டா? அவர் ஏளனமாகக் கேட்கவில்லை. அந்த மனிதருக்கு நிஜமாகவே அது மண்டையில் ஏறவில்லை. பார்க்க வந்ததையே பார்க்க முடியாதபடி ஒருத்தன் லேட்டாக வருவானா? அவர் வளர்ந்த ஊரில் வரமாட்டான். அப்புறம் அந்தத் துணியெல்லாம் எதற்கு என்று கேட்டார். இடம் பிடிக்க என்று சொன்னாள். சீக்கிரம் வந்தவர்களை ஓரத்துக்கு அனுப்பியது அதற்காகத்தானா என்று கேட்டார். எதைச் சொன்னாலும் அது தன் தலையிலேயே வந்து விழும் என்று அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. யா அல்லாஹ், ஒன்றும் செய்யாமல் வீட்டில் கிடந்திருந்தால்கூட அந்த நடு கேலரி பாதியாவது நிறைந்திருக்குமே!

விட்டேக்கர் போய்விட்டார். மெஹர் நிஷாவின் கை அவர் விட்ட இடத்திலேயே நின்றுகொண்டிருந்தது. நஜ்முதீன்தான் வந்து அந்தக் கையைப் பிடித்து, பஸ் நிற்கிற இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

அங்கே ஸ்பேரோஸ் லாரியில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அஃப்சானாவைச் சுற்றிப் பெரிய கூட்டம். நம் ஆட்கள்தான். யார் யாரோ அவள் வாயில் ஜிலேபியைத் திணித்துக்கொண்டிருந்தார்கள். பழுப்பும் மஞ்சளுமான யூனிஃபார்மில் அவள் நடுவே நின்றாள். அந்தக் கறுப்பு வெள்ளி யூனிஃபார்முக்கும் இதற்கும் வித்தியாசம் தெரியாதா என்று கேட்டால், பாவம், தெரியவில்லை. அவர்களைப் பொறுத்தவரை மெஹர் வீட்டுப் பிள்ளை கடைசியில்தான் வந்திருப்பாள், நன்றாக அடித்தவர்கள் யாரோ அவர்களில்தான் இருந்திருப்பாள். வசந்தாமணி அவள் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தாள்.

"கண்ணு, என்னா அடி அடிச்சே! எங்களுக்கெல்லாம் புல்லரிச்சுப் போச்சு. அத்தனை பேர்ல நீ எங்க நின்னேன்னுதான் கண்டுபுடிக்க முடியல. எந்தப் பக்கம் கண்ணு?"

மெஹர் நிஷாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அடக் கடவுளே, இப்படியுமா! வசந்தா, அது இவள் இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தாள். அஃப்சானா உம்மாவை ஒரு தடவை பார்த்தாள். பார்த்துவிட்டு வசந்தாமணி பக்கம் திரும்பினாள்.

"லெஃப்ட் சைட், ஆன்ட்டி. தேங்க் யூ. தேங்க் யூ ஃபார் கமிங்."

எல்லாரும் மறுபடி கைதட்டினார்கள். அந்தப் பெண் ஒவ்வொருத்தர் கையையும் பிடித்து தேங்க் யூ சொன்னாள். தன்னைப் பார்க்காத இருநூறு பேருக்கும் தன்னைப் பாராட்டியதற்காக நன்றி சொல்லி, பிள்ளைகளோடு போட்டோவுக்கு நின்று, வேன் வேனாக வழியனுப்பிவைத்தாள். மெஹர் நிஷாவுக்கு மகளைக் கட்டிப்பிடித்து அழ வேண்டும் போலவும் இருந்தது, அவள் முகத்தில் விழிக்காமல் எங்காவது ஓடிவிட வேண்டும் போலவும் இருந்தது.

கடைசி வண்டியும் போன பிறகு மெஹர் நிஷா கேட்டாள், "ஏம்மா அப்படிச் சொன்னே?"

அஃப்சானா இங்கிலீஷில் பதில் சொன்னாள். வேறென்ன சொல்வது, அத்தனை பேரும் உங்களுக்காக வந்தார்கள், அவர்களைச் சங்கடப்படுத்தச் சொல்கிறீர்களா என்றாள். விட்டேக்கர் சொன்னது அவளுக்கும் தெரிந்திருந்தது. ரூத் அம்மாள் லாரிக்குப் பின்னால் போய் அழுததைப் பிள்ளைகள் எல்லாரும் பார்த்திருந்தார்கள். அவள் டிரம்மைக் கழற்றிக் கீழே வைத்தாள். தோளில் பட்டை அழுத்திய இடம் சிவந்து கிடந்தது.

"பரவால்ல. நாங்க இன்னிக்கு நல்லாதான் பண்ணோம். ஒரு மிஸ்டேக்கூட இல்ல. நீங்க பாத்தீங்கள்ல?"

மெஹர் நிஷா கணவரைப் பார்த்தாள். நஜ்முதீன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பத்து நிமிஷமும் ஒரு கிழவர் தன் பேத்தி ஆடுகிறாள், பார்க்க ஒரு இடம் கொடு என்று கேட்டு நின்றதாகவும், இவர் முடியாது முடியாது என்று அவரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்ததாகவும், நிமிர்ந்து பார்த்தபோது மைதானம் காலியாக இருந்ததாகவும் மெல்லச் சொன்னார்.

"உம்மா, நீங்க?"

பார்த்தேன் என்று சொல்லிவிடலாம். ஒரே ஒரு வார்த்தை. சற்றுமுன் மகள் இருநூறு பேரிடம் சொல்லவில்லையா? மெஹர் நிஷா வாயெடுத்தாள். என்ன பார்த்தாய் என்று அவள் ஒரு கேள்வி கேட்டால் சொல்வதற்கு ஒன்றுமே இல்லை என்பது நெஞ்சில் வந்து அடித்தது. அந்தச் சத்தத்தைக்கூட அவள் கேட்கவில்லை. தன் கையாலேயே காதைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

"இல்லம்மா. நான் கேட்ல நின்னுட்டிருந்தேன்."

அஃப்சானா தலையாட்டினாள். கோபப்படவில்லை. உம்மாவின் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டு, அழுகிற குழந்தையைச் சமாதானப்படுத்துகிறவர்கள் சொல்கிற மாதிரி, "இட்ஸ் ஓகே, உம்மா. நெக்ஸ்ட் இயர் நீங்க…" என்று ஆரம்பித்தாள். ஆரம்பித்தவள் பாதியிலேயே நிறுத்திக்கொண்டு, குனிந்து டிரம்மைத் தூக்கிக்கொண்டு லாரிப் பக்கம் போனாள்.